தெ. கவுளி, தரக்கட்டுப்பாட்டுத் துறை

ஜூன் 9, திங்கள்

காலையில் முதலாளி அறையில் கூட்டம். கூட்டம் என்றால் மூன்று பேர்: முதலாளி தெய்வசிகாமணி ஐயா, அவர் மகன் பிரணவ், நான். எங்கள் வேலாத்தாள் ஃபுட்ஸின் அரிசிம்பருப்பு மிக்ஸ் ஷார்ஜாவில் கடைகள் வைத்திருக்கும் ஒருவருக்குப் பிடித்துப்போய்விட்டது. மாதாமாதம் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. உணவுப் பாதுகாப்பு விவரம் முழுவதும் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். அரிசி மூட்டை இறங்கியது முதல் பாக்கெட் லாரி ஏறியது வரை அவர் அங்கே உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டும். நான் இத்தனை வருடம் மெனக்கெட்டு எழுதி வைத்த நோட்டுகளை அவர் திரும்பியும் பார்க்க மாட்டாராம்.

ஆகஸ்டில் அவருடைய ஆள் வந்து சோதிப்பார். அதற்குள் ஒரு சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்து, வாங்கி, ஓட்டிக் காட்ட வேண்டும். ஆடி மாதத்தில் முதலாளி குண்டூசி கூடப் புதிதாக வாங்க மாட்டார். ஆகவே ஆனி முடிவதற்குள் கையெழுத்து. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில். எம்.எஸ்சி. உணவுத் தொழில்நுட்பம் படித்ததற்கு இப்போதுதான் ஒரு மரியாதை கிடைத்திருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க பிரணவ் சார் ஓர் அட்டவணை தந்தார். மெல்பர்னில் படித்தவர், அட்டவணை அழகாக இருந்தது. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு: 'எத்தனை பேரைக் குறைக்கலாம்'. தரக்கட்டுப்பாட்டுத் துறையில் இருப்பது நான் ஒருத்தி. ஆகவே அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போடலாம், அல்லது ஒன்று போடலாம்.

“சும்மா ஒரு ஃபார்மாலிட்டிங்க மேடம்” என்றார்.

நல்ல பையன். எனக்கு எந்தக் கவலையும் இல்லை. வீட்டில் தறி நின்றதிலிருந்து என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

முதல் சாஃப்ட்வேர். வெளிநாட்டுச் சரக்கு. வீடியோவில் ஒருவர் காட்டினார். உங்கள் பொருள் எந்த வகை என்று முதலில் கேட்கிறது. மாட்டிறைச்சி, பன்றி, மீன், பால், பேக்கரி, குழந்தை உணவு, செல்லப்பிராணி உணவு. அரிசியும் துவரம்பருப்பும் சேர்த்து வேகவைத்து நெய் ஊற்றித் தின்பது என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் தேடினார்.

“நியரஸ்ட் கேட்டகரி பெட் ஃபுட் மேடம்” என்றார்.

நேற்று ராத்திரி வீட்டில் அதைத்தான் சாப்பிட்டோம் என்று நான் சொல்லவில்லை. கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.

ஜூன் 14, சனி

இரண்டாவது, கோயம்புத்தூர் ஆள். வெளியே மேலட்டை பிரமாதம், உள்ளே போனால் வெறும் எக்செல். பூஜ்யம்.

மதியம் மிளகாய் அரைக்கும் அறையில் வடிகால் அடைத்துக்கொண்டது. நானே குச்சி விட்டு எடுத்தேன். இந்த வேலையை எந்தச் சாஃப்ட்வேர் செய்யும் என்று பார்க்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

மூன்றாவது சாஃப்ட்வேரின் பெயர் 'அன்னக்காவல்'. சென்னையிலிருந்து விஸ்வேஸ்வரன் என்று ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். டை கட்டியிருந்தார். ஆனி வெயிலில் டை கட்டி வருகிறவரிடம் ஏதோ விஷயம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இருந்தது.

நல்ல சாஃப்ட்வேர். இதை மனதாரச் சொல்கிறேன். தொழிற்சாலையின் வரைபடம் திரையில் வருகிறது, ஒவ்வோர் அறையும் பச்சையாகத் தெரிகிறது. எங்காவது தப்பு நடந்தால் அந்த அறை சிவப்பாகிறது. காலையிலேயே அதை எங்கள் லேபிள் பிரிண்டரோடு இணைத்துவிட்டார். பேக்கிங் ஹால் சிவப்பானால் ஒரு லேபிளும் அச்சாகாது. லேபிள் இல்லாமல் பாக்கெட் வெளியே போகாது. ஒரு மாதம் இலவசமாக ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பூச்சிக் கட்டுப்பாடு பகுதிக்கு வந்தார். “ஒரு எலியோ கரப்பானோ எங்கயாவது தெரிஞ்சா உடனே என்ட்ரி போடணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, சுவரில் மாட்டியிருக்கும், கம்பெனிக்குப் பேர் கொடுத்த வேலாத்தாள் அம்மா படத்துக்குப் பின்னாலிருந்து பல்லி எட்டிப் பார்த்தது.

“சார், லைவ் எக்ஸாம்பிளே வந்துடுச்சு!” என்று குதூகலமாகத் திரையில் தட்டிப் பதிந்துவிட்டார்.

முதலாளி அறை சிவப்பானது. ஒட்டியிருக்கும் பேக்கிங் ஹாலும் சிவப்பானது. சுவருக்கு அந்தப் பக்கம் லேபிள் பிரிண்டரின் சத்தம் நின்றது.

முதலாளியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. “தம்பி, அது பூச்சி இல்லீங்க. கவுளி” என்றார்.

விஸ்வேஸ்வரனுக்குப் புரியவில்லை. புரியவைக்கும் பொறுப்பும் என் தலையில்தான். பல்லியை எங்கள் பக்கம் கவுளி என்போம். ஒரு காரியத்தை மனதில் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால், செய்யலாம் என்றால் அது சத்தம் கொடுக்கும். எந்தத் திசையில் கொடுத்தது என்று பஞ்சாங்கத்தில் பலன் பார்ப்பார்கள். மிளகாய், மல்லி வறுக்கும் ரோஸ்டர் வாங்கியது, கிடங்கு கட்டியது, பிரணவ் சாரை மெல்பர்ன் அனுப்பியது, எல்லாவற்றுக்கும் இந்த அறைப் பல்லிதான் வாக்குக் கொடுத்தது. அது சொல்லாமல் முதலாளி எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. தொழிற்சாலைக்குள் பல்லி இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பில் அரிச்சுவடிப் பாடம். ஆகவே என் வரைபடத்தில் முதலாளி அறையை நான் 'காலி இடம்' என்று போட்டு வைத்திருந்தேன்.

விஸ்வேஸ்வரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “ஒண்ணுமில்ல மேடம், ட்ரையல்தானே” என்றார்.

கடைசிக் கட்டத்தைப் பற்றி பிரணவ் சார் அவரிடமே கேட்டார். “ஒரு கியூசி ஆளோட சம்பளத்துல இது கவர் ஆயிடும் சார்” என்று சிரித்தார் அவர். அந்தக் கியூசி ஆளான நான் டீ சொல்லப் போனேன்.

ஜூன் 18, புதன்

அன்னக்காவல் தானாகவே பூச்சிக் கட்டுப்பாட்டுக்காரர் அந்தோணிராஜுக்குச் செய்தி அனுப்பிவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் அவர் வேலையை முடித்துவிட்டு, கேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“கொல்லலீங்க மேடம், பாவம். ஊறுகாய் பாட்டில்ல புடிச்சு பைபாஸுக்கு அந்தாண்டை கொண்டுபோய் வுட்டுட்டேன். போட்டோவும் ஏத்திட்டேன்.”

அறைகள் பச்சையாகிவிட்டன. லேபிள் அச்சாகிறது. முதலாளி காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை.

நிலைமையை ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன், எனக்கே தெளிவாகட்டும். சாஃப்ட்வேர் வாங்கப் பல்லி சொல்ல வேண்டும். சாஃப்ட்வேர் பல்லியை வெளியேற்றிவிட்டது. பல்லி இல்லாமல் சாஃப்ட்வேரை வாங்க முடியாது. சாஃப்ட்வேர் இருக்கும்வரை பல்லி உள்ளே வர முடியாது. ஷார்ஜாக்காரர் தேதி கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறார்.

ஜூன் 20, வெள்ளி

பேக்கிங் பெண்களில் பாதிப் பேர், வாட்ச்மேன், அந்தோணிராஜ், நான் எல்லோரும் பைபாஸ் ஓரம் பல்லி தேடினோம். லாரிக்காரர்கள் நிறுத்தி என்ன தொலைந்தது என்று விசாரித்தார்கள். தங்கச் சங்கிலி என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் இறங்கி உதவிக்கு வந்துவிட்டார்கள்.

கிடைத்ததை எல்லாம் டப்பாவில் போட்டு முதலாளியிடம் காட்டினோம். ஒவ்வொன்றையும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“இதுவும் இல்லீங்க அம்மிணி. நம்முளுதுக்கு வாலு கொஞ்சம் மொண்ணை.”

பிரணவ் சார் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்பர்னில் இதைப் பற்றி ஒரு பாடமும் நடத்தியிருக்க மாட்டார்கள்.

ஜூன் 23, திங்கள்

முதலாளி தன் தோட்டத்து வீட்டிலிருந்து வேறொரு பல்லியைக் கொண்டுவந்துவிட்டார். நல்ல குடும்பத்துப் பல்லியாம். அன்னக்காவல் சிவப்பாகாமல் இதை எப்படி உள்ளே வைப்பது? “நீங்க படிச்சவுங்க, பாத்து ஏதாச்சும் பண்ணுங்க” என்று போய்விட்டார்.

உட்கார்ந்து யோசித்தேன். பதியாமல் விடவும் வழியில்லை, ஒரு தடவை பல்லி தெரிந்த அறையைத் தினமும் போட்டோ எடுத்து ஏற்றச் சொல்கிறது. பூச்சி என்று போட்டால் ஹால் பூட்டிக்கொள்ளும். பூச்சி இல்லையென்றால் அது வேறு என்ன? பார்வையாளர் என்று போட்டுப் பார்த்தேன். பார்வையாளர் மாலையில் கையெழுத்திட்டு வெளியே போய்விட வேண்டுமாம். சப்ளையர் என்று போட்டேன். உணவு உரிம எண் கேட்டது. தொழிலாளி என்றால் மருத்துவச் சான்றும் தலைக்கு வலைத்தொப்பியும் வேண்டும். கடைசியில் 'வெளி ஆலோசகர்' என்று ஒன்று இருந்தது. உணவைத் தொடாதவர்களுக்கு மருத்துவச் சான்று தேவையில்லை. சாந்து பொட்டு வைத்தது மாதிரி கச்சிதமாகப் பொருந்தியது.

பெயர் கேட்டது. கவுளி. தந்தை பெயரைக் காலியாக விட அதற்குச் சம்மதமில்லை. அறைக்குச் சொந்தக்காரர் பெயரைப் போட்டேன். எந்தத் துறை என்று கேட்டது. ஆலோசகர் வைத்துக்கொள்ளும் உரிமை தரக்கட்டுப்பாட்டுத் துறைக்கு மட்டும்தான் இருந்தது. பதிவு எண் வந்தது. தெ. கவுளி, வெளி ஆலோசகர், தரக்கட்டுப்பாடு. அறை பச்சையாகவே இருந்தது.

இத்தனை வருடத்தில் என் துறைக்கு ஓர் ஆள் கேட்டு எத்தனையோ முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது கிடைத்துவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

பிரணவ் சார் பட்டியலைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“மேடம், தெ. கவுளின்னு போட்டிருக்கு. அப்பா பேரு எங்கப்பா பேரு. இது எனக்குத் தம்பிங்களா?”

சிஸ்டம் கட்டாயப்படுத்தியது என்றேன்.  முதலாளிக்கோ ஒரே சந்தோஷம். “முறைப்படி பண்ணீருக்கீங்க” என்றார். வேறு எந்த வேலைக்கும் அவர் என்னை இப்படிப் பாராட்டியதில்லை.

ஜூன் 27, வெள்ளி

பல்லி பேசவில்லை.

ஜூன் 30, திங்கள்

பேசவில்லை. “புது எடமில்லீங்களா, கூச்சப்படுது” என்கிறார் முதலாளி. ஏசியைக் குறைத்து வைக்கச் சொன்னார். அந்தோணிராஜ் பூச்சி பிடித்துக் கொடுக்கிறார். பூச்சியைக் கொல்ல ஒப்பந்தம் போட்டவர் பூச்சி பிடித்து வந்து ஊட்டுவதை எந்தத் தலைப்பில் பதிவது என்று தெரியாமல் 'பயிற்சி' என்று போட்டேன்.

மாலையில் பிரணவ் சார் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். 

“மேடம், ஓப்பனாச் சொல்றேனுங்க. சாஃப்ட்வேர் வந்துருச்சுன்னா உங்க வேலை எல்லாம் அதுவே பண்ணிக்கும். அப்பா முடிவெடுக்க மாட்டாரு. நான் வந்து ரெண்டு வருஷமாச்சு, ஒரு முடிவும் என் கைல எடுக்க விட்டதில்லை. இதையாவது நான் பண்ணோணும். தப்பா எடுத்துக்காதீங்க.”

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. நேரே எழுதுகிறேன்: பயமாக இருக்கிறது. என் வயசில் யார் புதிதாக வேலை கொடுப்பார்கள்? வீட்டில் இவரிடம் இன்னும் சொல்லவில்லை. தறி போனதையே அவரால் இன்னும் தாங்க முடியவில்லை. ராத்திரிக்குக் கோதுமை தோசை சுட்டேன்.

ஜூலை 3, வியாழன்

அன்னக்காவல் மாதம் பிறந்ததும் தானாகவே ஓர் அறிக்கை அனுப்புகிறது. முதலாளிக்கு, பிரணவ் சாருக்கு, எனக்கு. தலைப்பு 'பணியாளர் ஆலோசனை'.

தரக்கட்டுப்பாட்டுத் துறையில் இருவர் இருக்கிறார்களாம். வேலைக்கு ஒருவர் போதுமாம். இருவரையும் அதுவே ஒப்பிட்டிருக்கிறது. தெ. கவுளி: தாமத வருகை இல்லை. விடுப்பு இல்லை. பதிவில் பிழை இல்லை. கை கழுவும் விதிமீறல் இல்லை. இரவிலும் வளாகத்தில் இருக்கிறார். கருணாம்பிகை, அதாவது நான்: தாமதம் உண்டு. அரை நாள் விடுப்பு உண்டு. ஜூன் 20 அன்று பணி நேரத்தில் வளாகத்துக்கு வெளியே இருந்திருக்கிறார்.

அன்று பைபாஸில் யாரைத் தேடிப் போனேன் என்று அதற்குத் தெரியுமா?

பரிந்துரை: தெ. கவுளியைத் தக்கவைத்துக்கொள்ளவும்.

பிரணவ் சார் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 5, சனி

இவர் காலையில் பேப்பர் படித்துக்கொண்டே, “ஏன் சமையக்கட்டுல பல்லி எச்சாக் கத்துது?” என்றார். மழைக்காலம் வருவதால் அதிகமாகக் கத்தும் என்றேன். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

மல்லித்தூள் விவகாரம்.

துறையில் இரண்டு பேர் என்றால் இரண்டு பேரும் அனுமதி கொடுத்தால்தான் சரக்கு வெளியே போகும் என்பது அன்னக்காவல் விதி. இதைப் போன வாரம்தான் கண்டுபிடித்தோம். ஈரப்பதம் சோதித்து, வாசனை பார்த்து, சனிக்கிழமையே நான் அனுமதி கொடுத்துவிட்டேன். 'தெ. கவுளியின் அனுமதிக்காகக் காத்திருக்கிறது' என்று திரையில் நின்றுவிட்டது. நான் கவுளிக்காக அமுக்கப் போனால், ஒருவர் இன்னொருவருக்காக அமுக்கக் கூடாது என்று எச்சரிக்கை.

முதலாளி ஒரு வழி சொன்னார். அன்னக்காவல் ஓடும் டேப்லெட்டை அவர் அறைச் சுவரில், வேலாத்தாள் அம்மா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். இன்று காலை பல்லி மெதுவாக இறங்கி வந்து, திரைமேல் நடந்து, 'நிராகரி' என்ற இடத்தில் காலை வைத்துவிட்டுப் போனது.

நிராகரித்தால் மறுசோதனை செய்ய வேண்டும். செய்தேன். ஈரப்பதம் கூடுதல். ஏன் கூடாது? கவுளி சாரின் அனுமதிக்காகச் சனிக்கிழமையிலிருந்து மூட்டை திறந்த அறையில் கிடந்தது, நடுவில் மழை வேறு. நான் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. அவன் தாமதித்ததால் கெட்டது, கெட்டதை அவன் கண்டுபிடித்துவிட்டான். இதை ஒரு பக்கம் விளக்கமாக எழுதி அனுப்பினேன். அன்னக்காவல் படித்ததாகத் தெரியவில்லை. கவுளிக்கு ஒரு பச்சை நட்சத்திரம் கொடுத்திருக்கிறது.

பேக்கிங் பெண்கள் அவனுக்குக் கற்பூரம் காட்டினார்கள். பேக்கிங் ஹாலுக்குப் பக்கத்தில் நெருப்பு கொளுத்தக் கூடாது என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஒரு பல்லி மேல் பொறாமைப்படுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஜூலை 11, வெள்ளி

விஸ்வேஸ்வரன் மறுபடி வந்திருக்கிறார். லாட்ஜில் தங்கியிருக்கிறார். டை இல்லை. ஆனி முடிவதற்குள் கையெழுத்து வாங்காவிட்டால் அவர் வேலைக்கும் ஆபத்தாம். முதல் தடவையாக அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“மேடம், ஃபிராங்க்கா கேக்கறேன். என்ன பண்ணா அது பேசும்?”

“அது தானாப் பேசோணுங்க.”

“எவ்ளோ நேரம் வெயிட் பண்ணணும்?”

“நாங்க வெயிட் பண்ணீட்டேதான் இருக்கறோமுங்க.”

பஞ்சாங்கத்தில் பல்லிப் பலன் பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். ஒரு பக்கம் கிழமை, மறுபக்கம் திசை, நடுவில் கட்டம் கட்டமாக லாபம், நஷ்டம், கலகம், உறவினர் வருகை. அவர் அதை உற்றுப் பார்த்தார்.

“எங்க ரிஸ்க் மேட்ரிக்ஸும் இதே மாதிரிதான் மேடம் இருக்கும்” என்றார். போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஜூலை 15, செவ்வாய்

நாளை ஆனி கடைசி. நாளைக் காலை நல்ல நேரத்தில் எல்லோரும் தன் அறையில் உட்கார வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். சாஃப்ட்வேர், ஆள், இரண்டையும் ஒன்றாகவே கேட்டுவிடலாமாம். நாளைக்குள் வாக்கு வராவிட்டால் ஷார்ஜாவும் இல்லை, ஒன்றும் இல்லை.

பிரணவ் சார் எனக்கான கடிதத்தை அடித்துத் தயாராக வைத்திருக்கிறார். பிரிண்டர் என் மேசைக்குப் பக்கத்தில் இருப்பதை அவர் மறந்துவிட்டார். 'இத்தனை ஆண்டு உழைப்புக்கு நன்றி' என்று எழுதியிருந்தது. ஆண்டை எழுத இடம் விட்டிருந்தார், அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

மாலை முழுக்க வாய் வலி. கடலை உருண்டை தின்றதால் இருக்கும்.

ஜூலை 16, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலாளி மேசைக்குப் பின்னால். கதவுப் பக்கம், அதாவது தெற்கே, விஸ்வேஸ்வரன். மேற்கே பிரணவ் சார். கிழக்கே ஜன்னலோரம் நான். பல்லி வேலாத்தாள் அம்மா படத்துக்கு மேலே, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஃபேனை நிறுத்தினார்கள். வியர்த்தது.

முதலாளி கண்ணை மூடி, கைகூப்பி, வாய்விட்டே கேட்டார்.

“இந்தச் சாப்ட்வேரை வாங்கலாமுங்களா, சாமி?”

 வெளியே ரோஸ்டர் சுற்றும் சத்தம் மட்டும். அப்புறம் தெற்கேயிருந்து ச்சக் ச்சக் ச்சக் என்று தெளிவாக ஒரு வாக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து விஸ்வேஸ்வரன் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்திருந்தார். முதலாளி விரலை மடக்கி மேசையில் தட்டினார். பஞ்சாங்கத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். விஸ்வேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஆளொண்ணு கொறைச்சுக்கலாமுங்களா?”

கேள்வி முடிவதற்குள்ளேயே மேற்கிலிருந்து வாக்கு வந்துவிட்டது. பிரணவ் சார் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் போடுவது கயிறில்லாத ஷூ. முதலாளி மேசையைத் தட்டினார். பிரணவ் சாரின் கை சட்டைப்பையில் இருந்த கடிதத்துக்குப் போனது.

 அடுப்பு, இவர், பஸ் பாஸ், நாளைக் காலை எழுந்து என்ன செய்வேன் என்று எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடியது. 

முதலாளி கையெழுத்துப் போடவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

“ஆரைக் கொறைக்கறதுன்னு கேக்கோணுமில்லீங்க. தொறைல ரெண்டு பேரு இருக்கறாங்கல்ல.” மறுபடி கண்ணை மூடினார். “அம்மிணி இருக்கட்டுமுங்களா?”

பிரணவ் சார் என்னைப் பார்த்தார். விஸ்வேஸ்வரன் என்னைப் பார்த்தார். பல்லியும் பார்த்தது. 

பிறகு கிழக்கிலிருந்து வாக்கு வந்தது. நீளமாக, அழுத்தமாக, நிற்காமல் வந்தது. ஜன்னல் பக்கம் வேறொரு பல்லி இருந்திருக்க வேண்டும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு இருமல் வந்ததால் முந்தானையால் வாயை மூடியிருந்தேன்.

முதலாளி கடைசிவரை கேட்டார். மேசையை மூன்று தடவை தட்டினார். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பஞ்சாங்கத்தில் புதன்கிழமைக்கு விரலை ஓட்டினார்.

“கெழக்கு. லாபம்னு போட்டிருக்குது. அப்பறம் என்னுங்க? கவுளிய அந்தத் தொறையிலிருந்து எடுத்துருங்க. அது என்ற கூடயே இருக்கட்டும்.”

பிரணவ் சார் வாயைத் திறந்தார். என்ன சொல்ல முடியும்? ஆளைக் குறைக்கலாம் என்ற வாக்கும் பலித்துவிட்டதே. கடிதத்தை நாலாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். நான் அவருடைய அட்டவணையைத் திறந்து கடைசிக் கட்டத்தில் 'ஒன்று' என்று போட்டு, பெயர் தெ. கவுளி என்று எழுதி அனுப்பினேன். அன்னக்காவல் அவனுக்குப் பிரிவு வாழ்த்து அனுப்பியது.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், முக்கியமானதை. பாயசம் வைத்தேன். நெஞ்சு லேசாக இருக்கிறது, தாடைதான் கழன்றுவிடும் போலிருக்கிறது.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

மதியம் மிளகாய் மூட்டை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். முதலாளி வந்து பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் மிளகாயைப் பற்றிப் பேசினார். காம்பு எச்சாக இருக்கிறது என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

“நெசக் கவுளி நேத்து வாயே தொறக்கலீங்க அம்மிணி. நான் கண்ணை முழுசா மூடுலீங்க.”

நான் இறங்கிய மூட்டைகளை எண்ணத் தொடங்கினேன்.

“எனக்கு ஆராச்சும் ஒருத்தரு சொல்லோணுமுங்க. நானா முடிவு பண்ணுனா ராத்திரி தூக்கம் வாரதில்லை. பையன் தப்பா நெனைக்கறான், அவன்மேல நம்பிக்கை இல்லீன்னு. எனக்கு என்ற மேலயேதானுங்க நம்பிக்கை இல்லை.” ஒரு மிளகாயை எடுத்துக் கிள்ளி மோந்து பார்த்தார். “மூணு பேருல உங்களுதுதானுங்க நல்லா இருந்துச்சு. ஆனா நெசக் கவுளி இத்தனை வெரசாச் சொல்லாதுங்க. அடுத்த மொறை நின்னு நிதானமாச் சொல்லோணும்.”

எதைப் பற்றிப் பேசுகிறார் என்றே எனக்குத் தெரியவில்லை.

“பழகிக்கறனுங்க ஐயா” என்றேன்.